ஆறுதலுக்காக நவீன கவிதை வாசிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மனம் கனத்துக் கிடக்கும்போது கவிதையைத் தேடிப் போகிறவர்கள் நிறையப் பேர். போன வேகத்திலேயே "ஒன்றும் புரியவில்லை" என்று திரும்பிவிடுகிறவர்களும் நிறையப் பேர். கவிதை வாசிப்பைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வாசித்து வாசித்து எனக்குத் தெளிந்ததைப் பதிலாக எழுதியிருக்கிறேன்.

நவீன கவிதை எனக்குப் புரிவதே இல்லை. குறை என்னிடமா?

இல்லை. செய்யுளைக் கண்டதும் பொழிப்புரை தேடும்படி பள்ளியில் நம்மைப் பழக்கிவிட்டார்கள். அருஞ்சொற்பொருள், பதவுரை, கருத்துரை என்று படிப்படியாகப் போனால் பாடல் கைக்கு வந்துவிடும். பழைய செய்யுளுக்கு அந்த வழி ஓரளவு சரி. அங்கே தடை பெரும்பாலும் சொல்லில் இருக்கும், அகராதியைப் புரட்டினால் விலகிவிடும். நவீன கவிதையில் ஒவ்வொரு சொல்லும் நமக்குத் தெரிந்த சொல்லாகவே இருக்கும், ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் பிடி கிடைக்காது. எரிச்சல் வருவது அதனால்தான்.

"இது என்ன சொல்ல வருகிறது?" என்ற கேள்வியைக் கொஞ்ச நேரம் தள்ளிவையுங்கள். யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், என்ன நடந்த பிறகு பேசுகிறார் என்று பாருங்கள். இவற்றுக்கு அரைகுறையாகப் பதில் கிடைத்தாலே பாதி தூரம் வந்தாயிற்று. இருண்மை உள்ள கவிதையெல்லாம் ஆழமான கவிதை என்று நம்பவும் வேண்டாம். சில கவிதைகள் சரியாக எழுதப்படாததாலேயே புரிவதில்லை. இரண்டு மூன்று முறை படித்தும் ஒரு வரிகூட உங்களை நிறுத்தவில்லையென்றால் தயங்காமல் பக்கத்தைப் புரட்டுங்கள்.

சரி, ஒரு கவிதையை எடுத்துப் படித்துக் காட்டுங்களேன்.

இந்தக் கேள்விக்காகவே சில வரிகள் எழுதினேன்:

அம்மாவின் மூக்குக்கண்ணாடியைத்
துடைத்து வைத்தேன்
இன்றும்.
ஜன்னல் பக்கமாகத்
திருப்பி.

முதலில் இதை உரைநடையாக மாற்றிப் பாருங்கள். "இன்றும் அம்மாவின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்தேன்." செய்தி அதேதான், ஆனால் நாட்குறிப்பில் எழுதிய வரி போல ஆகிவிட்டது. எங்கே போயிற்று கவிதை?

தமிழில் வினைமுற்று வழக்கமாகக் கடைசியில் வரும். "வைத்தேன்" என்றதும் நம் காது வாக்கியத்தை மூடிவிடுகிறது. இங்கே அது இரண்டாம் வரியிலேயே வந்துவிடுகிறது. வேலை முடிந்தது, துடைத்து வைத்தாயிற்று. அதற்குப் பிறகு "இன்றும்" என்று ஒரு சொல் தனியாக வந்து நிற்கிறது. நேற்றும் துடைத்திருக்கிறார், முந்தாநாளும் துடைத்திருக்கிறார். அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை நாட்கள் இருக்கின்றன என்று கவிதை சொல்வதில்லை. அங்கே முற்றுப்புள்ளியும் விழுந்துவிட்டது, இனி சொல்ல ஒன்றுமில்லை என்று நினைக்கிறோம். அப்புறமும் இரண்டு வரி வருகிறது. சொல்லி முடித்த பிறகும் விட்டுப் போக முடியாமல் நிற்கிற ஒருவரின் பேச்சு இப்படித்தான் இருக்கும். கடைசிச் சொல்லான "திருப்பி" ஒரு வினையெச்சம். அடுத்து ஒரு வினை வந்தால்தான் அது முடியும், இங்கே எதுவும் வரவில்லை. கண்ணாடி ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறது, வாக்கியம் முடியாமல் இருக்கிறது.

இவ்வளவையும் ஒரே வாசிப்பில் பார்க்க வேண்டியதில்லை. முதல் தடவை ஓசைக்காகப் படியுங்கள். அடுத்த தடவை வினைச்சொற்களை மட்டும் கவனியுங்கள், யார் என்ன செய்கிறார்கள் என்பது அங்கேதான் இருக்கும். அதற்கடுத்து, எந்த இடத்தில் உங்களுக்குள் ஏதோ அசைந்தது என்று பாருங்கள். அந்த இடத்திலிருந்து பின்னோக்கிப் போனால் காரணம் பெரும்பாலும் ஒரு வரிமுறிப்பாகவோ, எதிர்பாராத ஒரு சொல்லாகவோ, சொல்லாமல் விட்ட ஒன்றாகவோ இருக்கும்.

நான் புரிந்துகொண்டது சரியா தப்பா என்று யார் சொல்வது?

பக்கத்தில் இருக்கும் சொற்கள்தான் சொல்ல வேண்டும். மேலே உள்ள வரிகளையே எடுத்துக்கொள்வோம். தாயை இழந்தவர் அதைப் படித்தால், அம்மா இறந்துவிட்டார், கண்ணாடி மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று படிப்பார். வயதான தாயைப் பார்த்துக்கொள்கிறவர் படித்தால், அம்மா தூங்கிய பிறகு தினமும் கண்ணாடியைத் துடைத்து, காலையில் எழுந்ததும் கைக்கு எட்டுகிற மாதிரி வைக்கிறார் என்று படிப்பார். இறப்பு என்ற சொல் கவிதையில் இல்லை, தூக்கமும் இல்லை. இரண்டு வாசிப்புக்கும் கவிதை இடம் கொடுக்கிறது. இரண்டிலும் எல்லாச் சொற்களும் தம் வேலையைச் செய்கின்றன. எனவே இரண்டும் சரி.

"ஜன்னல் என்பது விடுதலையின் குறியீடு, பெண்ணை அடைத்து வைத்த சமூகத்தைக் கவிஞர் சாடுகிறார்" என்று ஒருவர் சொன்னால்? அப்படிப் படிக்க "இன்றும்" என்ற சொல் தேவைப்படவில்லை, துடைப்பதும் தேவைப்படவில்லை. கவிதையில் பாதியைக் கழற்றிப் போட்டால்தான் அந்த விளக்கம் நிற்கும். ஒரு விளக்கத்தைச் சோதிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. கவிதையின் சொற்களில் எத்தனையை அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்று பாருங்கள்.

கவிஞர் மனதில் என்ன நினைத்து எழுதினார் என்று தெரிய வேண்டாமா?

தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஈழப் போர் பற்றிய கவிதையைப் படிக்கும்போது அந்த ஆண்டுகளில் என்ன நடந்தது என்று தெரிந்திருப்பது அவசியம், அதை அறியாமல் படித்தால் கவிதைக்கு அநியாயம் செய்கிறோம். ஆனால் ஒரு காதல் கவிதை யாரை நினைத்து எழுதப்பட்டது என்ற ஆராய்ச்சி பெரும்பாலும் கவிதையை விட்டு நம்மை வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். கவிதையில் "நான்" என்று பேசுகிறவர் கவிதைசொல்லி, அவரும் கவிஞரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை.

கவிதை படிக்கும்போது என் சொந்த ஞாபகங்கள் வந்துவிடுகின்றன. இது வாசிப்பா, வெறும் நினைவா?

இந்தச் சந்தேகம் படிப்பாளிகளுக்கும் உண்டு. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர் தம் மாணவர்களுக்குக் கவிஞர் பெயர் இல்லாமல், காலம் குறிப்பிடாமல் கவிதைகளைக் கொடுத்து, தோன்றுவதை எழுதித் தரச் சொன்னார். வந்த பதில்களை ஆராய்ந்து 1929-ல் ஒரு நூலாக வெளியிட்டார். நன்றாகப் படித்த மாணவர்களே தடுமாறியிருந்தார்கள். அவர் கண்டறிந்த இடையூறுகளில் ஒன்று நீங்கள் சொல்வதுதான்: கவிதையோடு சம்பந்தமில்லாத சொந்த நினைவு குறுக்கே புகுந்துவிடுவது. இன்னொன்று, தயாராக வைத்திருக்கும் உணர்ச்சியை எடுத்துப் போர்த்திவிடுவது. "அம்மா" என்ற சொல்லைக் கண்டதுமே உருகிவிட்டு, கவிதை அம்மாவைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்க்காமலே போய்விடுகிறோம் அல்லவா, அதுதான்.

விமர்சனம் எழுதுகிறவருக்கு அவர் சொன்னது முழுக்கப் பொருந்தும். ஆறுதல் தேடிப் படிக்கிறவரிடம் போய் "உன் நினைவை வாசலில் விட்டுவிட்டு வா" என்று என்னால் சொல்ல முடியாது. அந்த நினைவைத் தொடத்தானே அவர் கவிதையை எடுத்தார். ஆனால் வரிசை முக்கியம். முதலில் கவிதையைக் கவிதையாகப் படியுங்கள், பிறகு உங்கள் நினைவை அதன் அருகில் கொண்டு வாருங்கள். கவிதையின் துக்கமும் உங்கள் துக்கமும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்று அப்போதுதான் தெரியும். ஒத்துப்போகும் இடம் ஆறுதல் தரும், விலகும் இடம் யோசிக்க வைக்கும். வரிசையை மாற்றினால் கவிதை உங்கள் நினைவைக் கிளறும் ஒரு சாக்காக மட்டும் நின்றுவிடும். அதற்கு ஒரு பழைய புகைப்படமே போதும்.

சோகமாக இருக்கும்போது சோகமான கவிதைதான் ஆறுதலாக இருக்கிறது. ஏன்?

நம்பிக்கையூட்டும் வரிகள் உங்கள் நிலைமையை மாற்றச் சொல்கின்றன. நல்ல சோகக் கவிதை நிலைமையை உள்ளபடி சொல்கிறது. தாங்க முடியாத வேதனையில் இருக்கிறவருக்கு முதலில் வேண்டியது, தன் வேதனைக்குச் சொல் உண்டு, தனக்கு முன்பே ஒருவர் இந்த இடத்தில் நின்றிருக்கிறார் என்ற உறுதி.

ரஷ்யக் கவிஞர் அன்னா அக்மதோவா பதிவு செய்திருக்கும் ஒரு சம்பவம் இதைக் காட்டும். ஸ்டாலின் காலத்தில் அவருடைய மகன் கைதானபோது, லெனின்கிராட் சிறை வாசலில் மற்றப் பெண்களோடு பதினேழு மாதங்கள் அவர் வரிசையில் நின்றார். ஒரு நாள் யாரோ அவரை அடையாளம் கண்டு பெயர் சொல்லிவிட, பின்னால் குளிரில் உதடு நீலம் பாய்ந்து நின்ற ஒரு பெண், இதை உங்களால் எழுத்தில் சொல்ல முடியுமா என்று அவர் காதோடு கேட்டார். முடியும் என்றார் அக்மதோவா. அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு புன்னகை மாதிரி ஏதோ ஓடி மறைந்ததாம். அந்தப் பெண் விடுதலையைக் கேட்கவில்லை, அதைக் கொடுக்கும் அதிகாரம் கவிஞரிடம் இல்லை என்று அவருக்குத் தெரியும். நடப்பது நடந்ததாகச் சொல்லப்படும் என்பதே அந்த நிமிடத்துக்குப் போதுமாக இருந்தது. அந்தக் கவிதைகளைக் காகிதத்தில் வைத்திருப்பதே ஆபத்து என்பதால் நெருங்கிய சிலர் மனப்பாடமாகவே காப்பாற்றினார்கள். அவை நூலாக அச்சேறியது 1963-ல், அதுவும் ரஷ்யாவுக்கு வெளியே, மியூனிக் நகரில்.

தொல்காப்பியமும் இந்த விஷயத்தில் நமக்கு ஒரு நல்ல கருவியைக் கொடுத்திருக்கிறது. எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உடலில் வெளிப்பட்டுத் தெரியும் உணர்ச்சிகளில், ஒன்றான அழுகையை அது நான்காகப் பிரிக்கிறது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அவமானத்தால் வரும் அழுகை, இழப்பால் வரும் அழுகை, முன்பு இருந்த நிலையிலிருந்து தளர்ந்துபோனதால் வரும் அழுகை, இல்லாமையால் வரும் அழுகை. "மனசு சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், இந்த நான்கில் இப்போது என்னிடம் இருப்பது எது என்று கேட்டுப் பாருங்கள். வேலை போய் அவமானப்பட்டு நிற்கிறவருக்கு மரணக் கவிதை ஒட்டாமல் போவதன் காரணம் அப்போது விளங்கும். அவருடையது இளிவு, கவிதையில் இருப்பது இழவு.

துக்கத்தில் இருக்கிறேன். நீளமாக எதையும் படிக்க முடியவில்லை. எப்படித் தொடங்குவது?

பத்து வரிக்குள் முடிகிற கவிதைகளாகத் தேர்ந்தெடுங்கள். பொருள்களைப் பற்றிய கவிதை, அதாவது ஒரு நாற்காலி, ஒரு மழை, ஒரு தெரு என்று கண்ணால் பார்க்கக்கூடிய ஒன்றில் நிற்கும் கவிதை, இந்த நேரத்துக்கு நல்லது. வாழ்க்கை, காலம், பிரபஞ்சம் என்று விரியும் கவிதைகள் களைத்த மனதுக்குப் பிடிபடாது. ஒரே கவிதையை ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். தினம் ஒன்று படித்தாக வேண்டும் என்ற கணக்கு வேண்டாம்.

இதையும் சொல்லிவிட வேண்டும். பல வாரங்களாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால், கவிதையோடு நின்றுவிடாதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். கவிதை கூடவே இருக்கட்டும். சிகிச்சை செய்யும் இடத்தில் அதை வைக்காதீர்கள்.

சங்கக் கவிதை படித்த பழக்கம் நவீன கவிதைக்கு உதவுமா?

ரொம்பவே உதவும். அகத்திணையில் தலைவன், தலைவி என்று யாருக்கும் பெயர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி: "சுட்டி ஒருவர் பெயர்கொளப் பெறாஅர்." பெயர் இல்லாததால் யார் வேண்டுமானாலும் அந்தக் குரலுக்குள் போய் நிற்கலாம். இன்றைய கவிதைகளில் வரும் பெயரில்லாத "நான்", "நீ" எல்லாம் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்கின்றன. யாரோ எழுதியது நமக்காகவே எழுதியது போலத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு உதவி, சூழலைப் படிக்கும் பழக்கம். குறுந்தொகை 25-ஆம் பாடலில் கபிலரின் தலைவி, அவன் என்னைக் கூடிய நாளில் சாட்சி யாருமில்லை என்கிறாள். பிறகு, ஒரு குருகு இருந்தது என்கிறாள். தினைத் தாள் போன்ற மெல்லிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகு. அவள் பயம் முழுவதும் அந்தப் பறவையில் இருக்கிறது. இருந்த ஒரே சாட்சியும் அவளைப் பார்க்கவில்லை, தன் இரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அவன் என்னைக் கைவிட்டால் நான் என்ன செய்வேன்" என்று கேட்பதோடு அவள் நிறுத்தியிருந்தால் இந்த அளவுக்குத் தைத்திருக்காது. நவீன கவிதையிலும் பின்னணியில் சும்மா நிற்பது போல ஒரு பறவையோ விளக்கோ பூட்டிய கதவோ வந்தால் கடந்து போகாதீர்கள். கவிதைசொல்லி வாய்விட்டுச் சொல்ல முடியாததை அது சுமந்துகொண்டிருக்கலாம்.

யாப்பே இல்லாத கவிதையில் ஓசை எங்கே இருக்கிறது? வாய்விட்டுப் படிக்க வேண்டுமா?

ஒரு தடவையாவது வாய்விட்டுப் படியுங்கள். பாரதி வசன கவிதைகள் எழுதிய காலத்திலிருந்தே, சி. சு. செல்லப்பா 1959-ல் தொடங்கிய 'எழுத்து' இதழில் புதுக்கவிதை வேரூன்றிய காலத்திலும், எதுகையும் மோனையும் இல்லாமல் கவிதையா என்ற வாதம் ஓயவில்லை. நல்ல புதுக்கவிதையில் ஓசை மூச்சில் இருக்கிறது. எங்கே வரி உடைகிறதோ அங்கே குரல் அரைக்கணம் நிற்கும், நீளமான வரி மூச்சு வாங்க வைக்கும், ஒரே ஒரு சொல் உள்ள வரி கனமாக விழும். மனம் பதற்றமாக இருக்கும்போது மெதுவாக வாய்விட்டுப் படித்தாலே மூச்சு கொஞ்சம் சீராகிறது. பொருள் விளங்குவதற்கு முன்பே கிடைக்கும் ஆறுதல் இது, இதற்காகவே படித்தாலும் தப்பில்லை.

மொழிபெயர்ப்பில் படிக்கலாமா?

தாராளமாக. காட்சியும் படிமமும் மொழி தாண்டி வந்துவிடும், ஓசையும் சொல் நயமும் பெரும்பாலும் வராது. ஒரே கவிதைக்கு இரண்டு மொழிபெயர்ப்பு கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கைப்பேசியில் பகிரப்படும் இரண்டு வரி, நான்கு வரிகள் போதாதா?

அந்த நேரத்துக்குப் போதும். அவற்றில் பல, பெரிய கவிதையிலிருந்து பிய்த்தெடுத்த வரிகள். முழுக் கவிதையில் அந்த வரிக்கு எதிர்ப்பொருள்கூட இருக்கலாம். ஒரு வரி பிடித்திருந்தால் அது எந்தத் தொகுப்பில் வந்தது என்று தேடி முழுசாகப் படியுங்கள். தொகுப்பாகப் படிக்கும்போது ஒரு கவிஞரின் குரல் பழகிவிடும், முதல் கவிதையில் இருட்டாக இருந்தது இருபதாவது கவிதையில் தானாகத் தெளியும்.

படித்ததைப் பற்றி எழுதி வைக்க வேண்டுமா?

பிடித்தால் எழுதுங்கள். கவிதையைக் கையால் பார்த்து எழுதுவதையே நான் அதிகம் பரிந்துரைப்பேன். கண் தாவிப் போகும் சொற்களில் கை நின்றுதான் போகும். கீழே ஒரே ஒரு கேள்வியை மட்டும் எழுதி வையுங்கள், உதாரணமாக: "ஏன் ஜன்னல் பக்கம்?" பதில் எழுத வேண்டாம். கொஞ்ச நாள் கழித்துத் திரும்பிப் பார்க்கும்போது அந்தக் கேள்வி எங்கே போயிருக்கிறது என்பது சுவாரசியமாக இருக்கும்.

ஒரு காலத்தில் என்னைத் தாங்கிய கவிதை இப்போது ஒன்றும் செய்யவில்லை. என்ன ஆயிற்று?

கவிதை அதன் வேலையை முடித்திருக்கலாம். அல்லது உங்கள் துக்கம் நிறம் மாறியிருக்கலாம், இழவாக இருந்தது இப்போது வேறொன்றாகியிருக்கும். அந்தக் கவிதையைக் கட்டாயப்படுத்தி மறுபடி உணர முயல வேண்டாம். அதே கவிஞரின் வேறு கவிதைகளைப் பாருங்கள், முன்பு பிடிக்காமல் தள்ளிய ஒன்று இப்போது பேசக்கூடும்.

துக்கத்தில் இருக்கும் நண்பருக்குக் கவிதை அனுப்பலாமா?

அனுப்பலாம், யோசித்து அனுப்புங்கள். உங்களுக்கு ஆறுதல் தந்தது அவருக்கும் தரும் என்று வைத்துக்கொள்ள முடியாது. "எல்லாம் நன்மைக்கே" என்ற தொனியில் முடியும் கவிதைகளைத் தவிர்த்துவிடுங்கள். இழப்பு நடந்த முதல் நாட்களில் அது புண்ணைக் குத்துவது போல இருக்கும். தீர்வு எதுவும் சொல்லாத, சின்னக் கவிதை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "உன்னை நினைத்துக்கொண்டு இதைப் படித்தேன், பதில் போட வேண்டாம்" என்று ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். விளக்கம் எழுதாதீர்கள். பிறகு, படித்தாயா என்று கேட்காதீர்கள்.